அப்பாவின் சேத்தக்: இறுகிப்போன கியர்களை என்ன செய்வது?

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பாலிடெக்னிக் ஒன்றில் ஆய்வக உதவியாளராக இருக்கிறார். அவருடைய அப்பா பணம் கட்டிப் பதிவு செய்து, பல வருடம் காத்திருந்து வாங்கிய 1981-ஆம் வருட பஜாஜ் சேத்தக், பதினான்கு வருடமாக மாட்டுக்கொட்டகையில் நின்றிருக்கிறது. இந்தக் கோடை விடுமுறையில் அதை இறக்கி, இன்ஜினைப் பிரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழுவி மாட்டியிருக்கிறார். எழுபத்து நான்கு வயது அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

வண்டி நிற்பதற்கு முன்பே இரண்டாம் கியர் ஏற்றத்தில் நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். அதற்காகப் புது கிராஸ் (கியரை ஷாஃப்ட்டோடு பூட்டும் சிலுவை வடிவப் பாகம்) வாங்கிப் போட்டார். ஓட்டிப் பார்த்தபோது மறுபடியும் நழுவியது. திரும்பப் பிரித்து, ஆய்வகத்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் செட்) வைத்து அளந்தபோது கியர்களுக்கும் ஓரத்து ஷிம் வாஷருக்கும் (இடைவெளியைச் சரிசெய்யப் போடும் வளையம்) நடுவில் 0.55 மி.மீ. இடைவெளி இருந்தது. பழைய வாஷரின் தடிமன் 1.95. ‘இடைவெளியால்தான் நழுவுகிறது’ என்று முடிவுசெய்து, கடையில் இருந்ததிலேயே தடிமனான 2.45 வாஷரை வாங்கிப் போட்டுவிட்டார். இப்போது 0.05 தகடு ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு நுழைகிறது, எதிர்ப் பக்கம் நுழையவே இல்லை. மேசையில் வைத்து ஒரு கியரைக் கையால் சுற்றினால் மற்ற மூன்றும் சேர்ந்து சுற்றுகின்றன.

ஊர் மெக்கானிக் ‘ஓட ஓட செட் ஆயிடும்மா’ என்கிறார். இன்னொருவர் வாஷரை உப்புத்தாளில் தேய்க்கச் சொல்கிறார். மூன்றாமவர் ‘எதுக்கு இந்தப் பாடு, வேறு இன்ஜின் தூக்கி வெச்சிடலாம்’ என்கிறார். இன்ஜின் கேசிங்கின் (வெளிக்கூட்டின்) இரண்டு பாதிகளுக்கு நடுவில் தடித்த பேக்கிங் வைத்தால் கியர்களுக்கு இடம் கிடைக்குமா என்பது சகோதரியின் சொந்த யோசனை.

சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அளந்தீர்கள், எண்களை எழுதியும் வைத்தீர்கள். முப்பது வருடமாக ஸ்கூட்டர் பட்டறை நடத்துகிறேன். கியர்பாக்ஸ் பிரச்சினையோடு வருகிறவர்களில் எண்ணோடு வருகிறவர் மிகவும் குறைவு. அந்த எண்கள் இருப்பதால்தான் வண்டியைப் பார்க்காமலே என்னால் பதில் எழுத முடிகிறது. வாஷர் தேர்வில் தவறு நடந்திருக்கிறது, ஆனால் இதுவரை எதுவும் கெட்டுப்போகவில்லை. கேசிங்கை மூடி ஓட்டுவதற்கு முன்னால் நிறுத்தினீர்களே, அதுவே பெரிய விஷயம்.

அந்த இடைவெளி எதற்கு?

சேத்தக்கின் கியர்பாக்ஸ் இத்தாலிய வெஸ்பா ஸ்கூட்டரின் வழி வந்தது. நான்கு கியர்களும் பின்சக்கர ஷாஃப்ட்டின் மேலேயே தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. நான்கும் எப்போதும் கிளஸ்டர் கியரோடு (இன்ஜினின் சுழற்சியைக் கொண்டுவரும் பல்சக்கரக் கொத்து) பல் கோத்தபடியே இருக்கும். ஷாஃப்ட்டின் உள்ளே நகரும் கிராஸ், தன் நான்கு கைகளையும் எந்தக் கியரின் உள்பள்ளங்களில் நுழைக்கிறதோ அது மட்டும் ஷாஃப்ட்டோடு பூட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றும். மற்ற மூன்றும் ஷாஃப்ட்டின் மேல் சும்மா சுற்றும். அதுவும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில்.

நீங்கள் நான்காம் கியரில் போகும்போது பக்கத்திலிருக்கும் மூன்றாம் கியரின் முகம் நான்காம் கியரின் முகத்தில் உரசிக்கொண்டே இருக்கிறது. அந்த இரண்டு முகங்களுக்கு நடுவில் எண்ணெய் நிற்க இடம் வேண்டும். அதற்காகத்தான் அந்த இடைவெளி. வெஸ்பா வகைக் கியர்பாக்ஸுக்கு இந்த அளவு 0.15 முதல் 0.40 மி.மீ. வரை. உங்கள் பழைய 0.55 அதற்கு மேலே, இப்போதைய 0.05 அதற்குக் கீழே.

இடைவெளி என்றாலே தேய்மானம், இறுக்கமாக இருந்தால் புதுசு மாதிரி என்று பலரும் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படி நினைத்துத்தான் இருப்பதிலேயே தடித்ததைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். புதுசாகப் பூட்டும்போதே இந்த இடம் விட்டுத்தான் பூட்ட வேண்டும். ஒரு கியரைச் சுற்றினால் மற்றவையும் கூடவே வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். நடுவில் எண்ணெய்க்கு இடமில்லை, முகங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன என்று அதற்கு அர்த்தம்.

பேக்கிங் யோசனை பற்றி

கேசிங்கின் இரண்டு பாதிகளுக்கு நடுவில் எவ்வளவு தடிமனான பேக்கிங் வைத்தாலும் இந்த இடைவெளி ஒரு மைக்ரான்கூட மாறாது. கியர் அடுக்கு ஒரு பக்கம் ஷாஃப்ட்டின் சொந்தத் தோளிலும், மறுபக்கம் ஷிம் வாஷரிலும், அதைக் கழலாமல் பிடிக்கும் வளையமான சர்க்ளிப்பிலும்தான் முட்டி நிற்கிறது. கேசிங் அதைத் தொடுவதே இல்லை. அதனால்தான் உங்களால் மேசையிலேயே அளக்க முடிந்தது. தடித்த பேக்கிங்கால் எண்ணெய்க் கசிவும் பேரிங்குகள் உட்காரும் இடத்தில் குழப்பமும்தான் வரும். வண்டிக்கென்று வரும் பேக்கிங்கையே போடுங்கள்.

இதிலிருந்து ஒரு சோதனையும் கிடைக்கிறது. மேசையில் கியர்கள் தாராளமாகச் சுற்றி, கேசிங்கை மூடி போல்ட்டுகளை இறுக்கிய பிறகு இறுகினால், குற்றம் வாஷரில் இல்லை. பேரிங் ஏதோ ஒன்று முழுதாக உள்ளே உட்காரவில்லை. உங்கள் வண்டியில் மேசையிலேயே இறுகுகிறது, எனவே சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் மூடிய பிறகு இந்தச் சோதனையை மறந்துவிடாதீர்கள்.

நழுவலுக்கு மூல காரணம் வேறு

இது உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். வாஷரைச் சரிசெய்தால் மட்டும் இரண்டாம் கியர் நிற்காது.

0.55 இடைவெளிக்கும் நழுவலில் பங்கு உண்டு. கியர்கள் பக்கவாட்டில் அலைந்தால் கிராஸின் கை பள்ளத்தில் முழு அகலத்துக்கும் பிடிக்காமல் ஓரத்தில் மட்டும் பிடிக்கும். ஆனால் அந்த அளவுக்கு மட்டுமே கியர் கழன்று வருவதை நான் பெரிதாகப் பார்த்ததில்லை. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘கிராஸை மட்டும் மாற்றினேன், கியர்களின் பற்கள் நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.’ அங்கேதான் பிடி இருக்கிறது. வெளிப் பற்கள் நன்றாகத்தான் இருக்கும், அவை லேசில் தேயாது. பார்க்க வேண்டியது கியரின் உள்வட்டத்தில் கிராஸின் கை நுழையும் பள்ளங்களை.

இரண்டாம் கியரைக் கழற்றிக் கையில் எடுங்கள். ஜன்னலோரம் போய், வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்து, உள்பள்ளத்தின் விளிம்பைப் பாருங்கள். நல்ல விளிம்பு கத்தரித்த அட்டை மாதிரி நேராக, மூலை கூராக இருக்கும். தேய்ந்த விளிம்பில் ஒரு பளபளப்பான கோடு ஓடும். நகத்தை வைத்து இழுத்தால் மூலையில் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அந்தச் சரிவில்தான் கிராஸின் கை ஏறி வெளியே வருகிறது. ஏற்றத்தில் இன்ஜின் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு பலமாகச் சரிவு அதை வெளியே தள்ளும். மூன்றாம் கியரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

பள்ளம் உருண்டுபோன கியரில் புது கிராஸைப் போட்டால் கிராஸும் சீக்கிரமே உருண்டுபோகும். நீங்கள் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள் என்று எழுதவில்லை. அந்தப் புது கிராஸின் நான்கு கைகளையும் இதே மாதிரி வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு கூராக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஒரு சின்ன அரத்தை எடுத்து, கியரில் படாத ஓரம் ஒன்றில் மெதுவாக ஒரு இழுப்பு இழுங்கள். அரம் வழுக்கினால் கடினப்படுத்திய எஃகு. கடித்து இழைத்தால் மெத்தென்ற இரும்பு, அதைப் போட்டால் மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி இன்ஜினைப் பிரிப்பீர்கள்.

கேபிளையும் விடாதீர்கள். ஹேண்டிலிலிருந்து வரும் இரண்டு கியர் கேபிள்களில் ஒன்று இழுத்தும் ஒன்று தொங்கியும் இருந்தால், இன்ஜினில் இருந்து கிராஸை நகர்த்தும் செலக்டர் தன் பள்ளத்தில் சரியாக உட்காராது. கிராஸ் அரைகுறையாக நுழைந்து நிற்கும். கேபிள்களைக் கழற்றிவிட்டு, செலக்டரைக் கையால் நகர்த்தி ஒவ்வொரு கியரிலும் ‘டக்’ என்று உட்காருகிறதா பாருங்கள். அது உட்கார்ந்த நிலைக்கு ஏற்றபடிதான் கேபிளை வைக்க வேண்டும். கேபிளுக்கு ஏற்றபடி செலக்டரை இழுக்கக் கூடாது.

‘ஓட ஓட செட் ஆயிடும்’

அந்த மெக்கானிக் உங்களை ஏமாற்றச் சொல்லவில்லை என்று நம்புகிறேன். பிஸ்டனுக்கும் பிரேக் ஷூவுக்கும் அந்தப் பேச்சு பொருந்தும். இங்கே பொருந்தாது.

நான் வேலை பழகிய காலத்தில், 1990-களின் தொடக்கத்தில், ஒரு ஸ்கூட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பின்சக்கரம் அசையவில்லை. ஓட்டியவரின் முழங்கையில் தோல் மொத்தமாக உரிந்திருந்தது. ‘கிளட்ச்சைப் பிடிச்சேண்ணே, அப்பவும் விடல’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிரித்துப் பார்த்தால், இரண்டு வாரம் முன்பு வேறெங்கோ போட்ட இறுக்கமான வாஷர் வைக்கோல் நிறமும் நீலமுமாகக் கருகி, ஓரம் பிளேடு மாதிரி மெலிந்து உடைந்திருந்தது. ஒரு துண்டு கியர்ப் பற்களுக்கு நடுவில் போய்ச் சிக்கியிருந்தது. அந்தத் துண்டு என் மேசை டிராயரில் இன்னும் இருக்கிறது.

கிளட்ச் ஏன் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்கிறேன். கிளட்ச் பிரிப்பது இன்ஜினையும் கியர்பாக்ஸையும்தான். இந்த ஸ்கூட்டரில் கியர்கள் சக்கர ஷாஃப்ட்டிலேயே இருக்கின்றன. கியர்களுக்குள் ஏதாவது சிக்கினால் சக்கரம் நேரடியாகப் பூட்டிக்கொள்ளும், நடுவில் விடுவிக்க எதுவும் இல்லை. உங்கள் அப்பா ஊர்க்கோடி வரைக்குமாவது ஒருமுறை ஓட்ட ஆசைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். 0.05-இல் அந்த வண்டியை அவரிடம் கொடுக்காதீர்கள். நீங்களும் ஓட்டாதீர்கள்.

வாஷரை எப்படி முடிவுசெய்வது

கணக்கு எளிது. கியர் அடுக்கு, வாஷர், இடைவெளி மூன்றும் சேர்ந்தால் எப்போதும் ஒரே நீளம். 1.95 வாஷரில் 0.55, 2.45 வாஷரில் 0.05. எந்த ஜோடியிலும் வாஷரையும் இடைவெளியையும் கூட்டினால் 2.50தான் வருகிறது. ஆக, நீங்கள் அளந்தது சரி. இதே கியர்களோடு 2.30 வாஷர் போட்டால் 0.20 கிடைக்கும், 2.15 போட்டால் 0.35. இரண்டும் வரம்புக்குள்தான், நான் 0.20-ஐ எடுப்பேன்.

ஆனால் இன்றைக்கே ஓடிப்போய் 2.30 வாங்காதீர்கள். இரண்டாம் கியரை மாற்ற வேண்டி வந்தால் புதுக் கியரின் தடிமன் பழையதைப் போலவே இருக்காது, கொஞ்சம் கூடும் அல்லது குறையும். முதலில் கியர், பிறகு அளவு, கடைசியில் வாஷர். புதுக் கியரைப் போட்டு, கையிலிருக்கும் பழைய 1.95 வாஷரையே வைத்து அளந்து, கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். உதாரணமாக அப்போது 0.45 காட்டினால் கூட்டுத்தொகை 2.40. அதற்கு 2.15 போட்டால் 0.25.

அளக்கும்போது சில விஷயங்கள். சர்க்ளிப்பைப் புதிதாகப் போடுங்கள், அது விலை குறைந்த சாமான். போடுவதற்கு முன் அதன் பள்ளத்தில் பழைய எண்ணெய்க் கசடு இல்லாமல் ஊசியால் சுரண்டிவிடுங்கள். சர்க்ளிப் முழுதாக உள்ளே இறங்கியிருந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையால் தள்ளும்போது பள்ளத்துக்குள் வழுக்கிச் சுற்றும். அப்புறம் ஃபீலர் தகட்டை ஒரு பக்கம் மட்டும் நுழைத்துப் பார்க்காதீர்கள். கியர் சாய்ந்துகொண்டு பொய் அளவு காட்டும். ஒரே அளவுள்ள இரண்டு தகடுகளை எதிரெதிராக ஒரே நேரத்தில் நுழைத்துப் பாருங்கள். ஆய்வகத்தில் இன்னொரு ஃபீலர் கேஜ் கட்டாயம் இருக்கும்.

உப்புத்தாளில் தேய்ப்பது வேண்டாம். கையால் தேய்த்தால் விரல் அழுத்தும் இடம் அதிகம் குறையும். வாஷர் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் போய்விடும். சரியான அளவு எங்கேயும் கிடைக்கவே இல்லை என்றால் மட்டும், உங்கள் 2.45 வாஷரை சர்ஃபேஸ் கிரைண்டிங் மெஷின் (முகத்தைச் சமமாக அரைக்கும் மெஷின்) உள்ள பட்டறையில் கொடுக்கலாம். கோயம்புத்தூரிலோ சேலத்திலோ டை (உலோக அச்சு) வேலை செய்யும் பட்டறைகளில் இது இருக்கும். சர்க்ளிப் உட்காரும் பக்கத்தைத் தொடக் கூடாது, கியர் பக்கத்து முகத்தில் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்து வந்ததும் மைக்ரோமீட்டரில் நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். காந்தத்தில் பிடித்து அரைப்பதால் வாஷரில் காந்தம் தங்கியிருக்கும், அதை எடுத்துவிட்டுத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரும்புத் தூளையெல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். அரைக்கும்போது மேல்தோலின் கடினமும் கொஞ்சம் போகும் என்பதால் இதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மெல்லிய வாஷர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எல்லாக் கியர்களையும் மாற்றிவிடலாமா?

கடிதத்தின் கடைசியில் இதைக் கேட்டிருக்கிறீர்கள். என் அபிப்பிராயம், வேண்டாம். முதல், மூன்றாம், நான்காம் கியர்களின் உள்பள்ளங்கள் கூராக இருந்தால் அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் தாங்கிய எஃகு அது. இன்று முழு செட் என்று டப்பாவில் வருவது எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. இரண்டாம் கியரை மட்டும் மாற்றுங்கள். வாங்கும்போது பழைய கியரைக் கையோடு கொண்டுபோய்ப் பற்களை எண்ணி ஒப்பிடுங்கள். சேத்தக், சூப்பர் என்று மாடலுக்கு மாடல் வித்தியாசம் வரலாம், கடைக்காரர் ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று சொன்னாலும் எண்ணிவிடுங்கள். கிளஸ்டரில் அந்தக் கியரோடு சேரும் பற்களில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கிளஸ்டரும் மாற வேண்டும். செலவு கூடும், ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். அரம் கடிக்கிற கிராஸைக் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறையுள்ள பொருளுக்கு மாற்றோ பணமோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலேயே புகாரைப் பதியலாம். பெரும்பாலும் பில்லைக் காட்டிப் பொறுமையாகப் பேசினாலே கடையில் மாற்றித் தந்துவிடுவார்கள்.

வேறு இன்ஜின் தூக்கி வைக்கும் யோசனையை நான் ஆதரிக்கவில்லை. ஆர்.சி.யில் இருப்பது இந்த இன்ஜினின் எண். மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். மூலை முடுக்கில் வாங்கிய இன்ஜின் யாருடையது என்று நிரூபிப்பதும் உங்கள் தலையில்தான் விழும். எப்படியும் பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க அங்கே போகத்தான் போகிறீர்கள். இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் புத்தகத்தோடு பொருந்தி நிற்பது அன்றைக்கு உங்களுக்குப் பெரிய நிம்மதி.

எல்லாம் முடிந்து கேசிங்கை மூடியதும், சக்கரத்தை மாட்டிக் கையால் சுற்றியபடியே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். நியூட்ரலில் சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். முதல் நூறு கிலோமீட்டரை ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டுங்கள். பிறகு வண்டி சூடாக இருக்கும்போதே கியர் ஆயிலை வடித்து, ஒரு பழைய வெள்ளை வேட்டித் துணியில் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி கொஞ்சம் படிந்தால் பரவாயில்லை, புதுப் பாகம் பழகுகிறது. மினுமினுக்கும் செதில்கள் ஒன்றிரண்டு தெரிந்தாலும் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, எத்தனை கிலோமீட்டரில் வந்தது, கடைசியாக அளந்த இடைவெளி என்ன என்ற இரண்டு எண்களோடு எனக்கு எழுதுங்கள்.